அனிஷா டீச்சரின் ஈறுகள்

நாகல் நகரில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் அனிஷா. முப்பத்தைந்து வயது. பள்ளியில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, சேலைக்குப் பொருத்தமான கைக்குட்டை, பையில் எப்போதும் ஒரு சோப்பு. காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நகம், காது, பல் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். "சுத்தத்துக்கு அனிஷா மிஸ்கிட்டதான் கத்துக்கணும்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அந்த அனிஷாவின் பல்துலக்கியில் சில வருடங்களாக ரத்தம் வந்துகொண்டிருந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார். காலையும் இரவும் போதாது என்று மத்தியானமும் பள்ளிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். கிராம்பை வாயில் அடக்கினார். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் கைப்பையில் துணிசுற்றி வைத்துக்கொண்டார். ஆனாலும் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே வந்தன. காலையில் எழுந்தால் வாயில் துரு பிடித்த இரும்பின் ருசி.

ஒருநாள் வகுப்பில் ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாக்கு எங்கே தொட வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேரே குனிந்து வாயைத் திறந்து காட்டுவது அவர் வழக்கம். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், உங்க வாய்க்குள்ள எலி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

மறுநாளிலிருந்து அனிஷா முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியை சொர்ணலட்சுமி கேட்டபோது, "தூசி ஒத்துக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார். மத்தியானச் சாப்பாட்டை எல்லோருக்கும் பின்னால் தனியாகச் சாப்பிட்டார்.

வீட்டில் முகக்கவசம் போட முடியாது. அவர் கணவர் பிரிட்டோ பெயின்ட் கடை வைத்திருந்தார், அதிகம் பேசாதவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அனிஷா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்வார், இல்லையென்றால் அடுப்பைப் பார்க்க எழுந்துபோவார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு பிரிட்டோ ஒருநாள் கேட்டுவிட்டார்.

"எம்மேல என்ன கோவம்னு சொல்லிருமா. தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒரு கோவமும் இல்லங்க" என்றார் அனிஷா, சுவரைப் பார்த்தபடி. கட்டின கணவனிடம் கூட, என் வாய் நாறுகிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை.

கொய்யாப்பழத்தைக் கடித்த ஒரு மாலையில் முன்பல் ஒன்று விரலால் தள்ளினால் நகரும் கதவுபோல அசைந்தது. அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. நாகல் நகரில் இரண்டு பல் மருத்துவமனைகள் இருந்தும் அவர் அங்கே போகவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். ஆட்டோ பிடித்து, பழனி ரோட்டில் யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் வினிதா ஈறு நோய்களுக்கென்றே தனியாகப் படித்தவர்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். கம்பி உள்ளே இறங்கிக்கொண்டே போனது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பல்லைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய எலும்பு பாதிக்குமேல் கரைந்திருந்தது. அப்புறம் கேள்விகள் வந்தன. சர்க்கரை உண்டா, புகையிலை உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா.

"உங்க அம்மா, அப்பா, கூடப்பொறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுலயே பல்லு ஆடி விழுந்திருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றார் அனிஷா. யோசிக்கக்கூட இல்லை.

அது பொய். அவர் அம்மா அன்னாளுக்கு நாற்பது முடிவதற்குள் வாயில் ஒரு பல் மிச்சமில்லை.

அன்னாள் எரியோட்டில் முருங்கைத் தோட்டம் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். கணவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது. அனிஷாவின் பிள்ளைப்பருவம் முழுவதும் அம்மாவின் வாய் நாற்றத்தோடுதான் கழிந்தது. அருகில் வந்து தலை சீவிவிட்டால் அனிஷா மூச்சை அடக்கிக்கொள்வார். காட்டு வேலை செய்கிறவள், பல் விளக்குவதில்லை, அவ்வளவுதான் என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. தான் வளர்ந்தால் அப்படி இருக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான் அந்தக் கஞ்சிச் சேலையும் சோப்பும் கைக்குட்டையும் வந்தன.

அனிஷாவின் மகள் வினோலியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்க, அன்னாள் குனிந்து பேத்தியின் கன்னத்தில் முத்தமிடப் போனார். அனிஷா குழந்தையைச் சட்டென்று தன் தோளுக்கு மாற்றினார். "வாய வச்சுக் கொஞ்சாதீங்கம்மா. புள்ளைக்கு எதாச்சும் தொத்திரும்." அன்னாள் சிரித்துச் சமாளித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு. அதன்பிறகு அவர் எப்போது மகள் வீட்டுக்கு வந்தாலும் குடிப்பதற்கென்று அலமாரியின் ஓரத்தில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இந்த அம்மாவைத்தான் டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார் அனிஷா.

டாக்டர் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். முடிவு வந்தபோது சர்க்கரை இல்லை. நல்ல செய்தியைக் கேட்டு அனிஷாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. சர்க்கரை என்றால் ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் வெளிப்படையாகச் சொல்லலாம், பரிதாபம் கிடைக்கும். இப்போது என்ன சொல்வது? சுத்தமில்லாதவள் என்றுதானே மிஞ்சுகிறது?

ஈறுக்கு அடியில் வேர்வரை போய்ச் சுத்தம் செய்தார்கள். மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து, ரோட்டுக் கடையில் ஐஸ் சாப்பிட்டதாகப் பிரிட்டோவிடம் சொன்னார். கொஞ்ச நாள் ரத்தம் நின்றது. வாசம்கூடக் குறைந்தது. ஆனால் சில மாதங்களில் கடைவாய்ப் பக்கம் மறுபடி சீழ் வைத்தது. டாக்டர் வினிதா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், எனக்கு ஒன்னு புரியல. உங்க வாய்ல அழுக்கே இல்ல. இம்புட்டு சுத்தமா வச்சிருக்கவங்க எங்கிட்ட வர்றதே அபூர்வம். இருக்கற அழுக்குக்கும் கரைஞ்சிருக்க எலும்புக்கும் கணக்கே ஒத்து வரல."

அனிஷா நிமிர்ந்து பார்த்தார். அழுக்கில்லை என்று ஒருவர் சொல்லி அவர் கேட்பது வெகுநாளைக்குப் பிறகு.

"அப்ப எப்படி டாக்டர்?"

"எல்லாரு வாய்லயும் கிருமி இருக்கு. ஈறுக்கு அடியில அது சேர்ந்தா, ஒடம்பு சும்மா இருக்காது. ரத்தத்துல இருந்து வெள்ளணுக்கள அனுப்பும். அதுல முதல்ல ஓடி வர்றது நியூட்ரோபில்னு ஒரு வகை. அது கிருமிய விழுங்கும், கரைக்கும். அதுக்காக நொதி வச்சிருக்கு. வேல முடிஞ்சதும் அது செத்துப்போயிரும், வேற செல்லு வந்து அத அப்புறப்படுத்திரும். சாதாரணமா இப்படித்தான் நடக்கும்."

"எனக்கு?"

"சில பேருக்கு அந்தச் செல்லு அளவுக்கு மீறி வருது. வந்தது போக மாட்டேங்குது. கிருமிமேல விட வேண்டிய நொதிய ஈறு மேலயும் விடுது. பல்லப் பிடிச்சிருக்க நார் அறுந்துபோவுது. அதோட வர்ற மத்த செல்லுங்க, எலும்ப அரிக்கற செல்லக் கிளப்பி விட்டுருது. கிருமிதான் ஆரம்பிச்சு வைக்குது, நான் இல்லேங்கல. ஆனா இந்தச் சேதத்துல பெரும்பங்கு உங்க ஒடம்பே செஞ்சது. நீங்க அழுத்தித் தேய்ச்சு இன்னும் புண்ணாக்கினதுதான் மிச்சம்."

அனிஷா மடியில் இருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இது குடும்பத்துல வரும். அதுக்காகத்தான் அன்னிக்குக் கேட்டேன்" என்றார் டாக்டர். "யாருக்கும் இல்லன்னு சொன்னீங்க. அதனால நானும் சாதாரண ஈறு நோயாத்தான் நெனச்சுட்டேன். பிள்ளைங்க இருந்தா ஒருதடவ கூட்டிட்டு வாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் இவ்வளவு நாள் கழித்துப் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்வது அம்மாவைப்பற்றிச் சொல்வதைவிடக் கேவலமாகத் தோன்றியது. "பரீட்சை முடியட்டும் டாக்டர், கூட்டிட்டு வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

பரீட்சை முடிந்தது. விடுமுறையும் வந்தது. கூட்டிப்போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும் நேரத்தில் வினோலியா குளியலறையை விட்டு வரவேயில்லை. அனிஷா கதவைத் தள்ளிப் பார்த்தார். பதின்மூன்று வயதுப் பெண் கண்ணாடிமுன் நின்று, கீழ் உதட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாஷ்பேசின் முழுக்க இளஞ்சிவப்பு நுரை.

"எத்தன நாளா இப்படி வருது?"

பெண் அவசரமாக வாயைக் கழுவிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல, நோலி."

"தெரியல. ரொம்ப நாளா."

"ஏண்டி சொல்லல?"

அவள் அம்மாவைப் பார்க்காமல், தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னாள். "சொன்னா எனக்கும் அம்மாச்சி மாதிரி தனி டம்ளர் வச்சிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அனிஷா அப்படியே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர்கள் பூசைக்குப் போகவில்லை. பிரிட்டோ வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். சமையலறையில் தரையில் உட்கார்ந்து அனிஷா எல்லாவற்றையும் சொன்னார்: ரத்தம், நாற்றம், முகத்தைத் திருப்பிக்கொண்டது, பழனி ரோட்டு டாக்டர், சொன்ன பொய். பிரிட்டோ பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "எனக்கு வாசம் தெரியும்மா. கேட்டா வருத்தப்படுவியேன்னுதான் கேக்கல" என்றார். அது ஆறுதலாக இல்லை. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே அனிஷாவை இன்னும் கூசவைத்தது.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரேயில் முதல் கடைவாய்ப்பற்களின் பக்கத்திலும் கீழ் முன்பற்களிலும் எலும்பு குழிவிழத் தொடங்கியிருந்தது. தொடக்கம்தான். இருந்தாலும் அந்தக் கறுப்புக் குழியைத் தன் மகளின் தாடையில் பார்த்த அனிஷா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வினோலியாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் சொன்னார்.

"எங்கம்மாவுக்கு முப்பதுலயே பல்லு விழ ஆரம்பிச்சிருச்சு. நாந்தான் இல்லன்னு சொன்னேன். பொய் சொல்லிட்டேன் டாக்டர்."

டாக்டர் வினிதா பேனாவை மூடி வைத்தார். "அப்பவே தெரிஞ்சிருந்தா பாப்பாவ அப்பவே பாத்திருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நெறையப் பேரு இத சொல்ல மாட்டாங்க மேடம். காசநோயக்கூட சொல்லிருவாங்க, இத சொல்ல மாட்டாங்க. சரி, அம்மா எங்க இருக்காங்க?"

"எரியோட்டுல."

"கூட்டிட்டு வாங்க. பல்லு இல்லாட்டியும் எப்ப, எந்தப் பல்லு மொதல்ல விழுந்துச்சுன்னு கேட்டா எனக்கு ஒதவும்."

அந்த வார இறுதியில் அனிஷா எரியோட்டுக்குப் பஸ் ஏறினார். அன்னாள் தோட்டத்தில் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு உடம்பு திடமாக இருந்தது. கன்னம் மட்டும் ஒட்டிப்போய் முகத்தை முதுமையாக்கியிருந்தது. மகள் தனியாக வந்ததைப் பார்த்து, "என்ன தாயி, புள்ளைக்கு ஒன்னுமில்லயே?" என்றார்.

அனிஷா முருங்கைக் கட்டுகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார். தன் பல்லைப்பற்றி, மகளின் பல்லைப்பற்றி, அந்த வெள்ளணுக்களைப்பற்றி. டாக்டர் சொன்னதில் தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னார். அன்னாள் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நா பாக்காத வைத்தியமா?" என்றார் பிறகு. "வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூளு, படிகாரம். ஒன்னுகூட விடல. நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கெணத்தடியில நின்னு தேச்சுத் தேச்சு வாயெல்லாம் புண்ணாப்போவும். ஒங்கப்பா கட்டில மாத்திப் போட்டுக்கிட்டாரு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சொன்னா, பொரணி பேசறவ வாயிதான் இப்படி நாறும்னு. எனக்குப் பயம் வந்திருச்சு. பாவசங்கீர்த்தனத்துல போயி ஃபாதர்கிட்டயே கேட்டேன், நா என்ன பாவம் செஞ்சேன் சாமின்னு. அவருக்கும் சொல்லத் தெரியல."

"நா ஒங்கள சுத்தமில்லாதவங்கன்னு நெனச்சுட்டேன்மா."

"தெரியும்" என்றார் அன்னாள். "ஒன் வீட்டுல அந்த டம்ளர நாந்தான கழுவி வப்பேன்."

அனிஷா அழுதார். அன்னாள் எழுந்து வந்து அணைத்துக்கொள்ளவில்லை. கயிற்றை எடுத்து விட்ட கட்டைக் கட்டி முடித்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நீயி. ஏம்மா ஒனக்கு இப்படி இருக்குன்னு ஒரு வார்த்த."

அன்னாள் அடுத்த கட்டுக்குக் கயிறு எடுத்தார். வெயில் மரத்தடிவரை ஏறி வந்தது.

"புள்ளைக்குப் பல்லு நிக்குமா?"

"இப்பவே பாத்துட்டதால நிக்கும்னு சொல்றாங்க."

"அப்ப செத்த நேரம் இரு. சேல மாத்திட்டு வாரேன்."

கிளினிக்கில் டாக்டர் வினிதா அன்னாளிடம் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும்தான் முதலில் போனதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்னாள் கையால் வாயை மூடிக்கொண்டே பதில் சொன்னார். கடைசியில், "அப்ப அழுக்குனால இல்லயாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒங்க ஒடம்போட காவல் செல்லுதான் ஒங்க பல்லயே சாய்ச்சிருச்சு. நீங்க எம்புட்டு தேச்சிருந்தாலும் அந்தக் காலத்துல தடுத்திருக்க முடியாது."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். அன்னாள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மகள் பக்கம் திரும்பவேயில்லை.

அன்று அம்மாவைத் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார் அனிஷா. முந்தின நாளே அந்தத் தனி டம்ளரை எடுத்துப் பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டிருந்தார். அன்னாள் தண்ணீர் குடிக்கப் போய் அலமாரி ஓரத்தைப் பார்த்தார். அடுத்த தட்டைப் பார்த்தார். குனிந்து கீழேயும் தேடினார்.

"தாயி, என் டம்ளர் எங்க?"

வினோலியாதான் வரிசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, தண்ணீர் மொண்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை நீட்டினாள். அன்னாள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கலாமா என்று கேட்பதுபோல மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அனிஷா இன்றுவரை மறக்கவில்லை.

வைத்தியம் நீண்டது. மகளுக்கு வேர்வரை சுத்தம் செய்து, கூடவே கொஞ்ச நாள் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதிலேயே அவளுக்கு ஈறு இறுகிவிட்டது. அனிஷாவுக்கு ஈறைத் திறந்து அறுவை செய்து, குழிவிழுந்த இடங்களில் எலும்புத்தூள் வைத்தார்கள். மிகக் குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் தொடர்ந்து எடுக்கச் சொன்னார் டாக்டர். "இது கிருமியக் கொல்ல இல்ல. அந்த நொதிய அடக்கி வைக்கறதுக்கு" என்றார். செல்களை மாற்ற முடியாது. அவை ஓடி வருவதற்குக் காரணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், வந்தாலும் வேகத்தைக் குறைக்கலாம். அவ்வளவுதான், ஆனால் ஆயுசுக்கும் செய்ய வேண்டும். அசைந்த முன்பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை நின்றன. அன்னாளுக்குப் பல்செட் கட்டிக்கொடுத்தார்கள். அவர் அதைப் பூசைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறார்.

அம்மாவும் மகளும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அன்னாள் மன்னித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. அனிஷாவும் கேட்கவில்லை. கேட்டால் அம்மா சரி என்று சொல்லிவிடுவார், அப்படி வாங்குவது முறையல்ல என்று அவருக்குப் பட்டது.

இந்த வருடம் பள்ளி திறந்த சில வாரங்களில், மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அவர் கதவைத் தாண்டியதும் சொர்ணலட்சுமி முகத்தைச் சுளித்தார்.

"பக்கத்துல வந்தாலே தாங்கல. பல்லே வெளக்காது போல."

இரண்டு பேர் சிரித்தார்கள். அனிஷாவுக்குக் காதுமடல் சுட்டது. எழுந்துபோய்க் கை கழுவிவிடலாமா என்று நினைத்தார். வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"அழுக்குனாலதான்னு சொல்ல முடியாது டீச்சர். எனக்கும் அந்த வியாதிதான். போன வருஷம் நா மாஸ்க் போட்டிருந்தது தூசிக்காக இல்ல."

சிரிப்பு நின்றது. ஒருவர் மோர்க் குழம்பில் உப்புக் குறைச்சல் என்று பேச்சை மாற்றினார். சொர்ணலட்சுமி, "அய்யோ, எனக்குத் தெரியாதே" என்றார். சொல்லிக்கொண்டே பொரியல் இருந்த தன் வெஞ்சனக் கிண்ணத்தை மேசையில் ஒரு சாண் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். அவருக்கே தெரியாமல் கை செய்த காரியம் அது.

அனிஷா அதைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. குனிந்துகொண்டு, தட்டில் மிச்சமிருந்ததை மெதுவாக மென்று சாப்பிட்டு முடித்தார். மணி அடித்ததும் போய், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றிருந்த ஆயாவிடம், டாக்டர் வினிதாவின் கிளினிக்குக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொன்னார்.